பாலகன் இல்லாத ரொட்டி

"டீச்சர், குழந்தை இயேசு எதுக்கு ரொட்டிக்குள்ள இருக்காரு?"

சனிக்கிழமை ஞானோபதேச வகுப்பில் இட்செல் என்ற சிறுமி ஒருமுறை இப்படிக் கேட்டாள். மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு வீடுதோறும் வாங்குகிற ரோஸ்கா ரொட்டிக்குள் விரல் நுனி அளவில் ஒரு பாலகன் பொம்மை இருப்பது ஊருக்கே தெரியும். ஏன் இருக்கிறது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஏரோது ராஜாவோட சிப்பாய்ங்க கத்தியோட தேடுறாங்கல்ல, அவங்க கண்ணுல படாம ஒளிஞ்சிருக்காரு" என்றாள் ஓத்தீலியா. பதில் அவளுக்கே பிடித்திருந்தது.

இட்செல் கொஞ்சம் யோசித்தாள். "அப்போ கத்தியால ரொட்டிய அறுத்து அவரைத் தேடுற நாம யாரு டீச்சர்?"

அன்றைக்கு வகுப்பு சற்று முன்னதாகவே முடிந்தது.

இப்போது தொரீபியோவின் ரொட்டிக்கடையில் நிற்கும்போது அந்தக் கேள்வி ஓத்தீலியாவின் நினைவுக்கு வந்தது. ஏரோதே கேட்கத் தயங்கியிருக்கக்கூடிய ஒன்றை அவள் கேட்க வந்திருந்தாள்.

"எனக்கு ஒரு சின்ன ரோஸ்கா வேணும். உள்ள பாலகன் வேண்டாம்."

தொரீபியோ மாவுக் கையை ஏப்ரனில் துடைத்தார். "என்ன சொன்னீங்க?"

"பொம்மை வைக்காதீங்கன்னு சொன்னேன்."

"தோன்யா ஓத்தீலியா, பாலகன் இல்லாத ரோஸ்கா வெறும் ரொட்டி. அத எதுக்கு என்கிட்ட வந்து கேக்குறீங்க?"

"மெதுவாப் பேசுங்க!"

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் கோயில் மண்டபத்தில் கூடும் 'லேசான இதயங்கள்' என்ற எடைக்குறைப்புக் குழுவுக்கு ஓத்தீலியா தலைவி. ரோஸ்காவில் யாருடைய துண்டில் பாலகன் வருகிறானோ, அவர் பிப்ரவரியில் மெழுகுவர்த்தித் திருநாளன்று எல்லோருக்கும் தமாலே கொடுத்தாக வேண்டும். அது பாலகனுக்குப் பட்ட கடன். மறுக்க முடியாது. சோளமாவைப் பன்றிக்கொழுப்போடு நுரைக்க அடித்து, சோளத் தோலில் சுற்றி அவித்து எடுக்கும் தமாலேயை ஒன்றோடு நிறுத்தியவர் அந்தக் குழுவில் இல்லை. போன வருடம் பொம்மை தெல்ஃபினாவுக்குக் கிடைத்தது. வருடம் முழுக்கப் பாடுபட்டு இறக்கிய கிலோக்கள் எல்லாம் ஒரே சாயங்காலத்தில் சொந்தபந்தத்தோடு திரும்பி வந்துவிட்டன.

"அப்போ ரோஸ்காவே வேண்டாம்னு விட்டுடலாமே?" என்றார் தொரீபியோ.

"விட்டா ஒருத்தரும் வரமாட்டாங்க. கிறிஸ்துமஸுக்குத் தின்னுட்டு எடை மேடையில ஏற வெக்கப்பட்டு ஒளிஞ்சுக்கிட்டு இருக்காங்க. தெல்ஃபினா வேற இந்தச் செவ்வாய்க்கிழமை அதே நேரத்துக்கு அவ வீட்டுல ரோஸ்கா வெட்டுறாளாம். நான் மண்டபத்துலயே வெட்டுறேன்னு சொன்னாத்தான் கூட்டம் கலையாம இருக்கும். எர்மெலிந்தாவ நினைச்சுப் பாருங்க."

எர்மெலிந்தாவின் பெயரைக் கேட்டதும் தொரீபியோ கையில் எடுத்த தட்டைக் கீழே வைத்தார். அவளுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆக வேண்டும். தவக்காலத்துக்குள் எடையை இறக்கிக் காட்டினால்தான் கத்தி வைப்பேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபது வருடம் பாடகர் குழுவில் பாடியவள். பாடகர்கள் நிற்பது மாடத்தில். படிக்கட்டு அவளைத் தோற்கடித்த நாளிலிருந்து கீழே உட்கார்ந்து வாயை மட்டும் அசைத்தாள். "வீட்டுல தனியா இருந்தா தின்னுடுவேன் கொமாத்ரே. செவ்வாய்க்கிழமை உங்க முகத்தப் பாக்கணுமேன்னு பயந்துதான் வாயக் கட்டுறேன்" என்பாள். அவளுடைய மூத்த மகளுக்கு ஞானத்தாய் ஓத்தீலியா; அந்த உறவில்தான் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று அழைப்பார்கள். எர்மெலிந்தாவுக்கு அறுவை சிகிச்சைத் தேதி கிடைக்கும்வரை தான் ரொட்டியைத் தொடுவதில்லை என்று ஓத்தீலியா மாதாவிடம் நேர்ந்துகொண்டிருந்தாள்.

தொரீபியோ சிலுவை போட்டுக்கொண்டார். "சரி தோன்யா. எர்மெலிந்தாவுக்காக" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்து.

செவ்வாய்க்கிழமை எல்லோரும் வந்திருந்தார்கள். ரோஸ்காவின் வாசனை எடை மேடைவரை எட்டியது.

வழக்கம்போல ஆளாளுக்குத் தம் துண்டைத் தாமே அறுக்க வேண்டும். பொம்மை வந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லோரும் கத்தியை அங்கும் இங்கும் வைத்துப் பார்த்தே அறுத்தார்கள். தெல்ஃபினா அறுத்த துண்டின் வழியே எதிர்ச்சுவர் தெரிந்தது. அவள் சந்தையில் சப்பாத்திக்கள்ளி மடல்களை முள் சீவி விற்பவள். கத்தி அவள் சொன்னபடி கேட்கும்.

"இது ரொட்டியா, கோயில் அப்பமா?" என்றாள் எர்மெலிந்தா.

"எனக்கு டயட்டும்மா" என்றாள் தெல்ஃபினா.

ஓத்தீலியாவுக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். அவள் எத்தனையோ வழிகளில் இவர்களை ஊக்கப்படுத்திப் பார்த்திருக்கிறாள். ஒரு கிலோ குறைத்தவர் கையில் ஒரு கிலோ பீன்ஸ் மூட்டையைக் கொடுத்து, "இதைத்தான் இறக்கி வச்சீங்க, தூக்கிப் பாருங்க" என்று மண்டபத்தைச் சுற்றி நடக்கவிட்டிருக்கிறாள். அதற்கெல்லாம் அடங்காத வாய்களை, இல்லாத ஒரு பொம்மை அடக்கிவிட்டது.

எல்லோரும் அறுத்து முடித்தும் ஒரு பெரிய துண்டு மிஞ்சியது. அதன்மேல் சர்க்கரையில் ஊறிய அத்திப்பழம் பதிந்திருந்தது. அத்திப்பழத்துக்கு அடியில்தான் பாலகன் இருப்பான் என்பது ஊர் நம்பிக்கை. ஆகவே அந்தப் பக்கம் கத்தி போகவே இல்லை.

"யாருக்கும் வரலையா? அப்போ அந்த மிச்சத்துலதான் இருக்கான்!" என்றாள் தெல்ஃபினா.

"நான் பாத்துட்டேன். அதுல இல்ல" என்றாள் ஓத்தீலியா. துண்டை அலுமினியத் தாளில் சுற்றிக் கைப்பையில் வைத்தாள். "இது பக்கத்து வீட்டுக்கு."

அவள் பார்க்கவில்லை. இல்லாததை எதற்குப் பார்ப்பது? பக்கத்து வீடு கோடையிலிருந்து பூட்டிக் கிடந்தது என்பதையும் அவள் சொல்லவில்லை.

"அதுலயும் இல்லன்னா, யாரோ முழுங்கிட்டாங்க" என்றாள் தெல்ஃபினா.

நேரம் பார்த்து தோன் ஃபிதென்சியோ இருமினார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், குழுவின் ஒரே ஆண்.

"தோன் ஃபிதென்சியோ, அது சளி இருமலா, இல்ல உள்ளருந்து யாராவது கால உதைக்கிறாங்களா?" என்றாள் தெல்ஃபினா.

மண்டபம் சிரித்தது. ஃபிதென்சியோ சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வீட்டுல தமாலே செய்ய ஆள் இல்லாதவன்தான முழுங்குவான்னு நினைக்கிறீங்க" என்றார். அவர் மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சிரிப்பு நின்றது. அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

ஓத்தீலியா வாயைத் திறந்தாள். ரொட்டியில் பொம்மையே கிடையாது என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். ஆனால் சொன்னால், தலைவி பாலகனையே வேண்டாம் என்று சொன்னவள், பார்க்காததைப் பார்த்தேன் என்றவள் என்று ஆகிவிடும். கூட்டம் மொத்தமும் தெல்ஃபினா வீட்டுக்கு இடம் மாறிவிடும். வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஃபிதென்சியோ வரவில்லை. எர்மெலிந்தாவும் வரவில்லை. அப்போதுதான் ஓத்தீலியாவுக்கு உறைத்தது, எர்மெலிந்தா வாராவாரம் வந்துபோனது ஃபிதென்சியோவின் பழைய காரில் என்று.

கூட்டத்தைப் பாதியில் முடித்துவிட்டு எர்மெலிந்தாவின் வீட்டுக்கு ஓடினாள். எர்மெலிந்தா சமையலறையில் இருந்தாள். எதிரே ஒரு தட்டு நிறைய இனிப்பு ரொட்டி.

"என்ன கொமாத்ரே இது?"

"நீங்க வரமாட்டீங்கன்னு நினைச்சு ஆரம்பிச்சேன். வந்துட்டீங்க, நிறுத்துறேன்" என்றாள் எர்மெலிந்தா, கன்னத்தில் சர்க்கரையோடு. பிறகு அழுதாள். "அந்த மனுஷன் இல்லாம நான் எப்படி வர்றது? அவரு திருடன் மாதிரி வீட்டுக்குள்ள உக்காந்திருக்காரு."

ஓத்தீலியா மறுநாளே சந்தைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் பாலகனை வாங்கினாள். மேசைக்கு அடியில் கிடந்தது என்று சொல்லிவிட்டால் யார் பெயரும் கெடாது. ஃபிதென்சியோவின் கதவைத் தட்டினாள். "வர்ற செவ்வாய்க்கிழமை எர்மெலிந்தாவக் கூட்டிக்கிட்டு வாங்க. பொம்மை விஷயம் தீந்துடும். உங்க பேருக்கு நான் பொறுப்பு."

அவர் தொப்பியைத் தடவியபடி, "பாக்கலாம்" என்றார். எர்மெலிந்தாவுக்கும் அதே செய்தியைச் சொல்லியனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். ஓத்தீலியா ஜெபத்தை முடித்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தாள். பையில் பொம்மை தயாராக இருந்தது.

அதற்குள் எர்மெலிந்தா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கையில் ரோஜா நிறத்தில் ஒரு குட்டிப் பாலகன்.

"எனக்குத்தான் வந்துச்சு. வெக்கத்துல மறைச்சுட்டேன். தோன் ஃபிதென்சியோவ யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க."

ஓத்தீலியாவுக்குத் தலை சுற்றியது. ரொட்டியில் இல்லாதது இவள் துண்டில் எப்படி வந்தது?

"அந்தம்மா எனக்காகப் பொய் சொல்றாங்க" என்று ஃபிதென்சியோ எழுந்தார். "வந்தது எனக்குத்தான்." கோட்டுப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். அது பீங்கான் பாலகன். உள்ளங்கை நீளம். அவர் மனைவியின் கிறிஸ்துமஸ் குடிலிலிருந்து வந்தது. முதுகில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

தெல்ஃபினா அதை உற்றுப் பார்த்தாள். "இதையா முழுங்குனீங்க? அந்த ரோஸ்காவையே இதுக்குள்ள வைக்கலாம் போலிருக்கே!"

"அதான் இருமுனேன்ல" என்றார் ஃபிதென்சியோ.

யாரும் சிரிக்கவில்லை. தெல்ஃபினாவின் முகம் மெல்லச் சிவந்தது. அவள் கைப்பையைத் திறந்து ஒரு பொம்மையை எடுத்து, பீங்கான் பாலகனுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள். அதன் காலில் சந்தைக் கடையின் விலைச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.

"எனக்கும் ஒண்ணு வந்துச்சு. என்கிட்ட வச்சுக்கிட்டே ஒரு நல்ல மனுஷனப் பாத்து அப்படிக் கேட்டுட்டேன். வாய் இருக்கே, இது எடை போட முடியாத சதை. மன்னிச்சுக்குங்க ஐயா."

அதற்குப் பிறகு கைப்பைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எல்லோரும் அன்றைக்குச் சிரித்தவர்கள். கொஞ்ச நேரத்தில் மேசை ஒரு பிரசவ வார்டு போல ஆகிவிட்டது.

"தொரீபியோ இந்த வருஷம் ரொம்பத் தாராளம்" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் அவசரமாக ஆமோதித்தார்கள்.

ஓத்தீலியா பைக்குள் தன் பொம்மையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த அறையில் இருக்கிற அத்தனை பேரும் பொய் சொல்கிறார்கள். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். இவ்வளவு நல்ல பொய்களை அவள் ஒரே இடத்தில் கண்டதில்லை. கண் கரித்தது. தன் பொம்மையையும் வெளியே எடுக்க நினைத்தாள். ஆனால் தமாலே கடன் ஏற்கெனவே மலையாகக் குவிந்து கிடக்கிறதே, தலைவியும் சேர வேண்டுமா என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"தலைவி மட்டும் தப்பிச்சுட்டாங்க!" என்றாள் தெல்ஃபினா.

"ஆமா" என்றாள் ஓத்தீலியா. பொம்மை பைக்குள்ளேயே இருந்தது.

ஒருவர் தமாலே கொடுப்பதைத் தடுக்கப் போய், இப்போது எல்லோரும் எல்லோருக்கும் தமாலே கொடுக்க வேண்டிய நிலை.

"ஆளுக்கு ஒண்ணே ஒண்ணு செய்வோமா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"பாலகனுக்குப் பட்ட கடன்ல கஞ்சத்தனமா?"

"கொழுப்பில்லாமச் செய்யலாமே?"

"அதுக்குத் துணி சோப்ப அவிச்சுத் திங்கலாம்" என்றாள் தெல்ஃபினா.

எர்மெலிந்தா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தமாலேயின் வாசனை இப்போதே அவள் மூக்குக்கு வந்துவிட்டது என்று ஓத்தீலியாவுக்குப் புரிந்தது.

ஃபிதென்சியோதான் பேசினார். "என் சம்சாரம் பெரிய ஆஸ்பத்திரியில இருந்தப்போ நான் வெளிய கேட்டுக்குப் பக்கத்துல அட்டையப் போட்டுப் படுத்திருந்தேன். ஒரு நாள் ஒரு அம்மா வந்து சூடா ஒரு தமாலே குடுத்துட்டுப் போனாங்க. யாருன்னு தெரியாது. அப்புறம் பாக்கவும் இல்ல." தொப்பியைச் சுழற்றினார். "அந்த வாசல்ல இப்பவும் ஆளுங்க படுத்துத்தான் கிடக்காங்க."

மெழுகுவர்த்தித் திருநாளன்று பூசை முடிந்ததும் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போக வேண்டிய பானைகள் கோயில் வாசலில் வரிசையாக வந்து இறங்கின. தெல்ஃபினா முந்தின நாள் முழுக்க ஃபிதென்சியோவின் சமையலறையில் நின்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"அவரு கட்டுனதப் பாருங்க. தமாலே மாதிரியா இருக்கு? பஸ் கூரையில போட்ட மூட்டை மாதிரி இருக்கு!"

"கீழ விழாதுல்ல?" என்றார் ஃபிதென்சியோ.

பானைகள் ஃபிதென்சியோவின் காருக்குள் ஏறியதும் ஓட்டுபவருக்கும் இன்னும் ஒருவருக்கும்தான் இடம் இருந்தது. நடக்க முடியாதவள் எர்மெலிந்தா ஒருத்திதான். ஆகவே சுற்றிலும் பானைகள், மடியில் ஒரு பானை என்று அவளை நடுவில் உட்கார வைத்தார்கள். கதவைச் சாத்தும் முன் ஓத்தீலியா எல்லா மூடிகளையும் இன்னொரு முறை அழுத்தினாள். பூனையைப் பால்கடையில் வைத்துப் பூட்டியது போலத்தான். மற்றவர்களோடு மேட்டுச் சாலையில் நடந்தபடி, கார் போன திசையைப் பார்த்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டே போனாள்.

ஆஸ்பத்திரி வாசலை அடைந்ததும் முதல் வேலையாக மூடிகளைத் திறந்து பார்த்தாள். ஒரு தமாலேகூட அசங்கவில்லை.

"எப்படி கொமாத்ரே?"

"வாய் சும்மா இருந்தா தின்னும். அதனால கோயில்லருந்து இங்க வர்றவரைக்கும் பாடிக்கிட்டே வந்தேன்."

"காது போச்சு" என்றார் ஃபிதென்சியோ. ஆனால் அவர் கண் ஈரமாக இருந்தது.

வாசலில் இருந்தவர்கள் சூடாக வாங்கிச் சாப்பிட்டார்கள். போர்வையைப் போர்த்தியிருந்த ஒருவர், "நீங்களும் ஒண்ணு எடுத்துக்குங்களேன்" என்றார். குழு மொத்தமும் ஒரே குரலில், "நாங்க இப்பத்தான் சாப்பிட்டு வந்தோம்" என்றது. பொய் சொல்வதில் எல்லோருக்கும் நல்ல பயிற்சி வந்திருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை எடை மேடையின் முள் எர்மெலிந்தாவின் காலடியில் தயங்கித் தயங்கி, டாக்டர் சொன்ன கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றது. ஃபிதென்சியோ இருமுவது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வாரமே தேதி கிடைத்தது.

ஓத்தீலியா நேராக ரொட்டிக்கடைக்குப் போனாள்.

"தோன் தொரீபியோ, உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன். நீங்க மட்டும் அன்னைக்குப் பொம்மைய வச்சிருந்தா இதெல்லாம் நடந்திருக்காது."

தொரீபியோ தட்டைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"தோன்யா, நீங்க திட்டினாலும் பரவால்ல. வெளிய குளிரு. பாலகன வாசல்லயே நிக்க வைக்க எனக்கு மனசு வரல. அத்திப்பழத்துக்கு அடியில வச்சுட்டேன்."

ஓத்தீலியா வீட்டுக்கு வந்து, ஃப்ரீசரிலிருந்து அலுமினியத் தாள் சுற்றிய அந்தத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். கத்தியை எடுக்கவில்லை. இளகும்வரை எதிரே உட்கார்ந்திருந்துவிட்டு, விரல்களால் மெதுவாகப் பிட்டாள். பாலகன் இருந்தான், பார்த்துவிட்டேன், இல்லை என்று அவள் சொன்ன அதே இடத்தில்.

பக்கத்து வீடு இன்னும் பூட்டித்தான் கிடந்தது. நேர்ச்சையும் தீர்ந்திருந்தது. ரொட்டியை அவளே சாப்பிட்டாள்.

பிறகு சோளமாவை எடுத்து அடிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் நோயாளிகளைப் பார்க்கும் நேரத்தில், வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் உள்ளே போயிருந்தார்கள். வெறும் அட்டைகளும் மடித்த போர்வைகளும் மட்டும் கிடந்தன. ஓத்தீலியா சூடு ஆறாதபடி துணி சுற்றிய பானையை அவற்றின் நடுவில் வைத்தாள். போர்வை ஒன்றை இழுத்து அதைப் போர்த்தினாள். அவர்கள் திரும்பி வருவதற்குள் மேட்டிலிருந்து இறங்கிவிட்டாள்.